பூங்காவின் கதவு ஏன் மூடப்படுகிறது?

கடலூரிலிருந்து வடலூர் செல்லும் சாலையில், முந்திரித் தோப்புகளுக்கு இடையே உள்ள ஊர் குள்ளஞ்சாவடி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காணும் பொங்கலன்று அவ்வூரிலிருந்து ஒரு வேன் புறப்பட்டது. பெரியவர்களும் சிறுவர்களுமாக அதில் 22 பேர். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் செல்வது திட்டம். விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு; கிளம்பியபோது மணி 7. புதுச்சேரியில் சிற்றுண்டி; வழியில் இரண்டு இடங்களில் போக்குவரத்து நெரிசல். பூங்காவின் வாசலை அடைந்தபோது மணி 12.30. கதவு மூடியிருந்தது. "இன்றைய அனுமதி முடிந்தது" என்று ஓர் அட்டை தொங்கியது.

அந்த வேனில் நானும் இருந்தேன். மதிலுக்கு அப்பால் பெரிய ராட்டினம் சுற்றுவது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுவன் என்னிடம் கேட்டான்: "சார், உள்ளே எவ்வளவு இடம் இருக்கு பாருங்க! இன்னும் 22 பேர் போனா என்ன ஆயிடப் போகுது?"

நல்ல கேள்வி. உங்களில் பலருக்கும் இது போன்ற அனுபவம் ஏற்பட்டிருக்கலாம். படகுத் துறையிலோ, பொருட்காட்சியிலோ, திரையரங்கிலோ "இனி இடமில்லை" என்ற சொல்லைக் கேட்டு ஏமாற்றத்துடன் திரும்பியிருப்பீர்கள். அந்தச் சிறுவனின் கேள்விக்கு விடை சொல்ல, இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் வேண்டும். அந்த விடை தெரிந்துவிட்டால், அடுத்த முறை கதவு மூடுவதற்கு முன்பே உள்ளே இருப்பது எப்படி என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு சீட்டின் மதிப்பு என்ன?

முதலில் ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொள்வோம். தண்டவாளத்தில் மேலும் கீழும் பாய்ந்து செல்லும் ரோலர் கோஸ்டர் ரயிலைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரயிலில் 24 இருக்கைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். பாதையைச் சுற்றி வர 90 வினாடிதான் ஆகிறது. ஆனால் ஏறி அமர வேண்டும். பாதுகாப்புப் பட்டையைப் பூட்ட வேண்டும். ஊழியர் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பயணம் முடிந்ததும் இறங்க வேண்டும். எல்லாம் சேர்த்து 3 நிமிடத்துக்கு ஒரு ரயில் புறப்படுகிறது. அப்படியானால் மணிக்கு 20 ரயில்கள்; 20 × 24 = 480 பேர். இதுவே அந்த விளையாட்டின் கொள்திறன்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ரயில் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதைவிட, ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் உள்ள இடைவெளியே கொள்திறனைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வேகத்தை இரு மடங்காக்கினால் மிச்சமாவது முக்கால் நிமிடம். ஏறி இறங்கும் நேரத்தைப் பாதியாக்கினாலும் அதே முக்கால் நிமிடம் மிச்சமாகும். அதற்குச் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை. நாம் பையைத் தேடிக்கொண்டு தாமதமாக ஏறினால், பின்னால் நிற்கும் நூற்றுக்கணக்கானவர்களின் நேரம் வீணாகிறது.

இப்பொழுது பூங்கா முழுவதையும் பார்ப்போம். அங்கு 20 விளையாட்டுகள் உள்ளன என்றும், சராசரியாக ஒவ்வொன்றிலும் மணிக்கு 400 பேர் ஏறலாம் என்றும் கொள்வோம். மணிக்கு 8,000 சவாரிகள். 8 மணி நேரத்தில் 64,000 சவாரிகள். பூங்காவின் ஒரு நாள் 'உற்பத்தி' இவ்வளவுதான். அன்று 6,400 பேர் வந்தால் தலைக்குப் பத்துச் சவாரி. 16,000 பேர் வந்தால் தலைக்கு நான்கே நான்கு. சீட்டு அதேதான், அதன் மதிப்பு மட்டும் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது! கூட்டம் மிகுந்த நாளில் நீங்கள் எவ்வளவு ஓடி அலைந்தாலும் இந்தச் சராசரியைக் கூட்டிவிட முடியாது; ஒருவருக்கு ஐந்து கிடைத்தால் வேறொருவருக்கு மூன்றுதான் கிடைக்கும்.

நெய்வேலி பெல்ட்டும் லிட்டில் விதியும்

குள்ளஞ்சாவடிக்கு அருகில் உள்ள நெய்வேலியில், சுரங்கத்தில் வெட்டிய பழுப்பு நிலக்கரி மிக நீண்ட கன்வேயர் பெல்ட்டுகளின் மீது மேலே வருகிறது. இத்தகைய பெல்ட் ஒன்றின் மீது வினாடிக்கு 1 டன் நிலக்கரி விழுகிறது என்றும், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்ல 300 வினாடி ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் பெல்ட்டின் மீது எவ்வளவு நிலக்கரி இருக்கும்? 1 × 300 = 300 டன். மிக எளிய கணக்கு.

மனிதர்களின் வரிசைக்கும் இதே கணக்குப் பொருந்தும். உள்ளே இருப்பவர்களின் சராசரி எண்ணிக்கை என்பது, வரும் வீதத்தை ஒருவர் தங்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. இதனை அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961இல் கணித முறைப்படி நிறுவினார். ஆகவே இதற்கு லிட்டில் விதி என்று பெயர். வருபவர்கள் ஒழுங்காக வருகிறார்களா, கும்பலாக வருகிறார்களா என்பதைப் பற்றி இந்த விதி கவலைப்படுவதில்லை. நீண்ட நேரச் சராசரிக்கு அது எங்கும் பொருந்தும்.

இதன் பயனைப் பாருங்கள். நம் ரோலர் கோஸ்டர் வரிசையில் உங்களுக்கு முன்னால் 240 பேர் நிற்கிறார்கள். மணிக்கு 480 பேர் ஏறுகிறார்கள். எனவே உங்கள் காத்திருப்பு 240 ÷ 480 = அரை மணி நேரம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு ரயிலில் எத்தனை இருக்கை என்று எண்ணுங்கள். கைக்கடிகாரத்தில் இரண்டு ரயில்களுக்கு இடையே உள்ள நேரத்தைப் பாருங்கள். வரிசையைத் தோராயமாக எண்ணுங்கள். விடை கிடைத்துவிடும்.

இனி, பூங்காவின் கதவுக்கு வருவோம். ஒரே நேரத்தில் 6,000 பேர் உள்ளே இருக்கலாம் என்று நிர்வாகம் வரம்பு வைத்திருக்கிறது என்று கொள்வோம். காலை 10 மணிக்குக் கதவு திறக்கிறது. சாதாரண நாளில் மணிக்கு 500 பேர் வருகிறார்கள். ஒருவர் 6 மணி நேரம் தங்குகிறார். லிட்டில் விதிப்படி உள்ளே 500 × 6 = 3,000 பேருக்கு மேல் சேர்வதில்லை. கதவை மூடும் தேவையே எழாது.

காணும் பொங்கலன்று மணிக்கு 2,500 பேர் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வந்தவர் யாரும் மதியத்துக்குள் வெளியேறுவதில்லை. பணம் கொடுத்து வந்தவர் மாலை வரை இருந்து பார்க்கத்தானே செய்வார்? 6,000 ÷ 2,500 = 2.4 மணி நேரம். அதாவது 12 மணி 24 நிமிடத்துக்குக் கதவு மூடப்பட்டுவிடும். எங்கள் வேன் போய்ச் சேர்ந்தது 12.30க்கு! இந்த எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவைதாம். ஆனால் நடப்பது இவ்வாறுதான். ஒருமுறை மூடிய கதவு விரைவில் திறக்காததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. வெளியே ஒருவர் வந்தால்தான் உள்ளே ஒருவர் போக முடியும். மாலை 4 மணிக்கு முன் வெளியே வருபவர் மிகக் குறைவு.

கடைசிப் பத்துச் சதவீதம்

வரிசைகளைப் பற்றிய கணக்கு பொழுதுபோக்குப் பூங்காவில் பிறந்ததன்று, தொலைபேசியில் பிறந்தது. டென்மார்க் நாட்டின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் ஏ. கே. எர்லாங் என்ற கணித அறிஞர் பணியாற்றினார். எத்தனை இணைப்புக் கம்பிகள் இருந்தால் பேச வருபவர்கள் அதிகம் காத்திருக்க வேண்டியிராது என்பதே அவர் முன் இருந்த கேள்வி. 1909இல் இதுபற்றிய தம் முதல் ஆய்வை வெளியிட்டார். தொலைபேசிப் போக்குவரத்தின் அலகு இன்றும் அவர் பெயராலேயே 'எர்லாங்' என வழங்கப்படுகிறது.

இத்தகைய ஆய்விலிருந்து பிறந்த ஒரு முடிவு நமக்கு வியப்பூட்டும். சீட்டு கொடுக்கும் சன்னல் ஒன்று இருக்கிறது. ஒருவருக்குச் சீட்டு கொடுக்கச் சராசரியாக 1 நிமிடம் ஆகிறது. வருபவர்கள் முன்பின்னாக, ஒழுங்கின்றி வருகிறார்கள். சீட்டு கொடுக்கும் நேரமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சன்னலில் இருப்பவர் தம் நேரத்தில் பாதி, அதாவது 50 சதவீதம், வேலை செய்யும் அளவுக்குக் கூட்டம் இருந்தால் ஒருவர் காத்திருக்கும் சராசரி நேரம் 1 நிமிடம். 80 சதவீதமானால் 4 நிமிடம். 90 சதவீதமானால் 9 நிமிடம். 95 சதவீதமானால் 19 நிமிடம்!

கூட்டம் 90லிருந்து 95க்கு ஏறியது வெறும் ஐந்து சதவீதம்; காத்திருப்போ இரு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. 100 சதவீதத்தை நெருங்க நெருங்கக் காத்திருப்பு எல்லையின்றி வளரும். காரணம் எளிது. கூட்டம் குறைவாக இருக்கும்போது, திடீரென்று பத்துப் பேர் சேர்ந்து வந்தாலும் பிறகு வரும் ஓய்வு நேரத்தில் அந்தப் பாக்கி தீர்ந்துவிடுகிறது. ஓய்வு நேரமே இல்லாதபோது, ஒருமுறை சேர்ந்த பாக்கி நெடுநேரம் தீராமல் நிற்கிறது.

வருபவர்கள் கொள்திறனையே மிஞ்சிவிட்டால் என்ன ஆகும்? நம் ரோலர் கோஸ்டருக்கு மணிக்கு 720 பேர் வருகிறார்கள். ஏறுபவர் 480 பேர். மணிக்கு 240 பேர் மிஞ்சுகிறார்கள். 11 மணிக்கு வருபவர் அரை மணி நேரம் நிற்க வேண்டும். 12 மணிக்கு வருபவர் ஒரு மணி நேரம். 1 மணிக்கு வருபவர் ஒன்றரை மணி நேரம். ஆகவே விடுமுறை நாளில் காலையில் இழக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒவ்வொரு வரிசையிலும் அரை மணி நேரம் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது. வேன் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியதன் விலை இப்பொழுது புரிகிறதல்லவா?

கூட்டம் நீர்மம் ஆகும்போது

இதுவரை பார்த்தது காத்திருப்பின் கணக்கு. கதவு மூடப்படுவதற்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அது உயிர் பற்றியது.

ஒரு வழியில் வினாடிக்கு எத்தனை பேர் செல்லலாம்? கம்பியில் மின்னோட்டம் கணக்கிடும் முறையை நினைவுகூருங்கள். அடர்த்தி, வேகம், அகலம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். ஆனால் மனிதர்களின் அடர்த்தி கூடினால் வேகம் குறைகிறது. அளவீடுகள் தரும் தோராய மதிப்புகள் இவை: சதுர மீட்டருக்கு ஒருவர் இருந்தால் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நடக்கலாம். இருவர் இருந்தால் வேகம் 0.6 மீட்டர். நால்வர் இருந்தால் 0.15 மீட்டர்தான். பெருக்கிப் பாருங்கள். ஒரு மீட்டர் அகலத்துக்கு வினாடிக்கு முறையே 1 பேர், 1.2 பேர், 0.6 பேர். கூட்டம் சேரச் சேர, முதலில் சற்று அதிகமானோர் செல்கிறார்கள். பிறகு பாய்வு பாதியாகிவிடுகிறது. நெருக்கித் தள்ளுவதால் யாரும் விரைவாகப் போவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பூங்காவின் வெளிவாசல்களின் மொத்த அகலம் 5 மீட்டர் என்று கொள்வோம். மிகச் சிறந்த நிலையில் வினாடிக்கு 6 பேர் வெளியேறலாம். உள்ளே 6,000 பேர் இருந்தால் அனைவரும் வெளியேற 1,000 வினாடி, அதாவது ஏறத்தாழ 17 நிமிடம். 12,000 பேர் இருந்தால் 33 நிமிடம். வாசலில் நெரிசல் ஏற்பட்டுப் பாய்வு பாதியானால் ஒரு மணி நேரத்துக்கும் மேல்! திடீரென்று தீப்பிடித்தாலோ, மின்கம்பி அறுந்து விழுந்தாலோ, பெருமழை கொட்டினாலோ இந்த நிமிடங்கள் உயிர்களின் விலை ஆகும். எனவே ஒரு பூங்காவின் கொள்ளளவை உள்ளே இருக்கும் தரையின் பரப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வெளியே வரும் வழியின் அகலத்தையும் பார்க்க வேண்டும். மதிலுக்கு வெளியே நின்ற சிறுவனுக்குத் தெரிந்தது உள்ளே இருந்த வெற்றிடம்தான். வாசலின் அகலம் அவன் கணக்கில் வரவில்லை.

அடர்த்தி மேலும் கூடினால்? ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் கூட்டங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 பேர் என்ற நிலையில் கூட்டம் நீர்மம் போல ஆகிவிடுகிறது என்று அவர் எழுதினார். அப்பொழுது தனி மனிதரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. எங்கோ ஒருவர் தடுமாறினால் அந்த அதிர்ச்சி அலையாகப் பரவுகிறது; கால் தரையில் படாமலேயே மனிதர்கள் பல அடி தூரம் நகர்த்தப்படுகிறார்கள். இத்தகைய விபத்துகளில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் பலர் நின்ற நிலையிலேயே, மார்பு அழுத்தப்பட்டு மூச்சு விட முடியாமல் இறக்கிறார்கள்.

இது எங்கோ நடப்பதன்று. 1992ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கும்பகோணத்தில் மகாமகத்தின்போது ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் உயிரிழந்தனர். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் தென்கொரியாவின் சியோல் நகரில், இதேவோன் பகுதியில், சில மீட்டர் அகலமே உள்ள ஒரு சரிவான சந்தில் 150க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் மிகப் பலர் இளைஞர்கள். அந்தச் சந்துக்குக் கதவு இல்லை, சீட்டு இல்லை, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ண யாரும் இல்லை. எண்ணுவதற்கு ஆளும், மூடுவதற்குக் கதவும் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

ஹாங்காங் கற்றுக்கொண்ட பாடம்

கதவை மூடுவது மட்டும் போதுமா? போதாது. கதவு மூடப்படும் நாளை முன்கூட்டியே அறியவும் வேண்டும்.

ஹாங்காங்கில் டிஸ்னிலேண்ட் பூங்கா 2005 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அங்கு விற்கப்பட்ட சீட்டுகள் பல, குறிப்பிட்ட தேதி இல்லாதவை. ஆறு மாதத்துக்குள் எந்தச் சாதாரண நாளிலும் வரலாம். மிகுந்த கூட்டம் எதிர்பார்க்கப்படும் நாள்களை மட்டும் நிர்வாகம் தனியே ஒதுக்கியிருந்தது. 2006இல் சீனப் புத்தாண்டு வந்தது. ஹாங்காங்கின் விடுமுறை முடிந்ததும் கூட்டம் குறையும் என்று நிர்வாகம் கணக்கிட்டது. ஆனால் சீனப் பெருநிலத்தில் விடுமுறை வாரம் முழுவதும் நீடித்தது. பிப்ரவரி முதல் நாள்களில் அங்கிருந்து குடும்பம் குடும்பமாக வந்து குவிந்தார்கள். பூங்கா நிறைந்தது; கதவு மூடப்பட்டது. கையில் செல்லுபடியாகும் சீட்டுடன் வெளியே நின்றவர்கள் சினங்கொண்டு வேலியேறிக் குதிக்க முயன்றார்கள். குழந்தைகளைக் கம்பிக் கதவுக்கு மேலாக உள்ளே கொடுத்தவர்களும் உண்டு. நிர்வாகம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

பிழை எங்கே? தம் ஊர் நாட்காட்டியைப் பார்த்தார்கள்; அண்டை ஊர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை. இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். புதுச்சேரிக்கோ உதகைக்கோ செல்லத் திட்டமிடும்போது, தமிழ்நாட்டு விடுமுறையோடு கர்நாடகம், கேரளம் ஆகிய மாநிலங்களின் விடுமுறையையும் பார்க்க வேண்டும்.

கதவே இல்லாத இடங்களிலும் இப்பொழுது எண்ணிக்கை வரம்பு வந்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடைப் பருவத்தில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என்றும் வரம்பு வைக்கப்பட்டது. ஒரு மலையே பூங்காவைப் போல 'நிறைந்துவிட்டது' என்று சொல்லும் காலம் இது.

வடலூரில் ஆறு முறை

கூட்டத்தைக் குறைக்காமலே நெரிசலைக் குறைக்க ஒரு வழி உண்டு. அதைக் காண ஹாங்காங் போக வேண்டியதில்லை. குள்ளஞ்சாவடியிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் வடலூருக்குப் போனால் போதும். வள்ளலார் 1872இல் வழிபாட்டைத் தொடங்கிய சத்திய ஞான சபையில், தைப்பூசத்தன்று ஏழு திரைகளையும் நீக்கிச் சோதி தரிசனம் காட்டுகிறார்கள். அது ஒருமுறை மட்டும் நடப்பதன்று. காலை 6 மணி, 10 மணி, பகல் 1 மணி, இரவு 7 மணி, 10 மணி, மறுநாள் விடியற்காலை 5.30 மணி என ஆறு முறை.

அதன் நோக்கம் வழிபாடு. ஆனால் கூட்டக் கணக்கின் கண்ணால் பாருங்கள். 60,000 பேர் வருவதாகக் கொண்டால், ஒரே வேளைக்கு வரும் 60,000 பேர் வேறு. வேளைக்கு 10,000 என ஆறாகப் பிரிந்து வருபவர்கள் வேறு. காண்பது ஒரே சோதிதான். காண்பவர் தொகையும் குறையவில்லை. கூட்டம் காலத்தில் பரப்பப்பட்டுவிட்டது. டிஸ்னி பூங்காக்கள் 1999இல் கொண்டுவந்த 'ஃபாஸ்ட்பாஸ்' சீட்டும் ஏறத்தாழ இதே வகைதான்: "இந்த விளையாட்டுக்கு இன்ன நேரத்தில் வா" என்று நேரம் குறித்துக் கொடுப்பது. அதனால் ரயிலில் இருக்கை ஒன்றுகூடக் கூடவில்லை. ஆள்கள் மட்டும் வெவ்வேறு நேரத்துக்கு நகர்த்தப்பட்டார்கள்.

நீங்கள் திட்டமிடுவது எப்படி?

இப்பொழுது நம் கணக்கிலிருந்து கிடைக்கும் விதிகளைத் தொகுத்துக்கொள்வோம்.

முதலாவது, நாளைத் தேர்ந்தெடுங்கள். உச்ச நாளிலிருந்து சிறிது விலகினாலே பெரும் பயன் உண்டு. 95 சதவீதம் நிறைந்த நாளுக்குப் பதில் 80 சதவீத நாளில் சென்றால் காத்திருப்பு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். நீண்ட விடுமுறையின் முதல் நாளையும் கடைசி ஞாயிற்றுக்கிழமையையும் விட, நடுவில் வரும் செவ்வாய், புதன் கிழமைகள் நல்லவை. ஆனால் வார விடுமுறை எந்த நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இரண்டாவது, தேதி குறித்த சீட்டை முன்பே வாங்குங்கள். சீட்டில் தேதி இல்லாவிட்டால் அது உங்கள் இடத்தை உறுதி செய்வதில்லை. ஹாங்காங்கில் கண்டது அதுவே.

மூன்றாவது, கதவு திறப்பதற்கு முன் வாசலில் இருங்கள். குள்ளஞ்சாவடியிலிருந்து சென்னைப் பக்கம் செல்வதாக இருந்தால் விடியற்காலைப் புறப்பாடு என்பது பேச்சாக மட்டும் இருக்கக் கூடாது. முடிந்தால் முந்தைய இரவே வழியில் உறவினர் வீட்டில் தங்கிவிடலாம்.

நான்காவது, உள்ளே நுழைந்ததும் முதலில் தெரியும் விளையாட்டில் எல்லோரும் நிற்பார்கள். நீங்கள் கொள்திறன் குறைந்த, புகழ் மிகுந்த விளையாட்டுக்கு முதலில் செல்லுங்கள். எல்லோரும் 1 மணிக்கு உண்பார்கள், நீங்கள் 11.30க்கே உண்டுவிடுங்கள். இதுவும் காலத்தில் பரப்புதலே.

ஐந்தாவது, கதவு மூடியிருந்தால் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மாற்று இடம், அன்று எல்லோரும் கூடும் மற்றோர் இடமாக இருக்கக் கூடாது.

ஆறாவதை மறக்கவே மறக்காதீர்கள். கூட்டத்தில் நான்கு பக்கமும் பிறர் உடல் படத் தொடங்கினால், அது வெளியேற வேண்டிய நேரம். கைகளை மடக்கி மார்புக்கு முன் வைத்து மூச்சு விட இடம் செய்துகொள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளாதீர்கள், அலை ஓய்ந்த இடைவெளியில் சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். கீழே விழுந்த செருப்பையோ செல்பேசியையோ எடுக்கக் குனியாதீர்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை முதலிலேயே பேசி வையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

லிட்டில் விதியைச் சோதிக்கப் பூங்காவுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் பள்ளியில் இடைவேளையின்போது குடிநீர்க் குழாய் முன் வரிசை நிற்கும். ஒரு நண்பர் பத்து நிமிடத்தில் எத்தனை பேர் வரிசையில் சேர்கிறார்கள் என்று எண்ணட்டும். இன்னொருவர் அரை நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையின் நீளத்தைக் குறிக்கட்டும். மூன்றாமவர் சிலர் காத்திருந்த நேரத்தை அளக்கட்டும். மூன்று சராசரிகளையும் விதியில் இட்டுப் பாருங்கள். பிறகு ஒரு குழாயைக் கூட்டினால் என்ன ஆகும் என்றும், ஒரு வகுப்பை ஐந்து நிமிடம் முன்னதாக விட்டால் என்ன ஆகும் என்றும் கணக்கிட்டுத் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் கணக்கு உங்கள் பள்ளியின் வரிசையையே மாற்றக்கூடும்.

"இன்னும் 22 பேர் போனா என்ன ஆயிடப் போகுது?" என்ற கேள்விக்கு வருவோம். அன்று எங்களைப் போலவே வேறு வேன்களும் பேருந்துகளும் வாசலில் நின்றன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருப்பார். எங்களை உள்ளே விடுவது நியாயம் என்றால் அவர்களையும் விடுவதே நியாயம். அப்பொழுது அது 22 பேர் அல்ல. பல ஆயிரம் பேர். வரம்பு என்பது எங்கோ ஓர் எண்ணில் நின்றே ஆக வேண்டும். அந்த எண்ணுக்கு அடுத்ததாக நிற்பவருக்கு அது கொடுமையாகத்தான் தோன்றும்.

திரும்பும் வழியில் இதையெல்லாம் அந்தச் சிறுவனுக்கு விளக்கினேன். அவன் பாதி ஏற்றுக்கொண்டான். அடுத்த காலாண்டு விடுமுறையின் நடுவில், ஒரு புதன்கிழமை, அதே வேன் மீண்டும் புறப்பட்டது. இந்த முறை நேர அட்டவணையை எழுதியவன் அவன்தான். வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டி எழுப்பியவனும் அவன்தான். கதவு திறக்கக் கால் மணி நேரம் இருக்கும்போது வாசலில் நின்றோம். மாலையில் வேனில் ஏறியபோது அவன் கையில் ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் நின்ற நேரத்தை அதில் குறித்திருந்தான். ஏறிய விளையாட்டுகள் ஒன்பது. "கணக்குப்படி பத்து வரணுமே சார், ஒண்ணு எங்கே போச்சு?" என்று கேட்டான்.

அவனிடம் சொல்லாத விடையை உங்களிடம் சொல்கிறேன். எல்லா ரயில்களும் எல்லா இருக்கைகளும் நிறைந்து புறப்படுவதில்லை. எத்தனை இருக்கைகள் காலியாகச் செல்கின்றன என்று அடுத்த முறை நீங்கள் எண்ணிப் பாருங்கள்.